14ஆம் நாளை நம்பியிருந்த 11 மாதங்கள்

குழந்தைக்காகக் காத்திருந்த நாட்களில் நான் எழுதிவந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் பத்துப் பக்கங்களும் ஒரே மாதிரிதான் இருக்கும். மேலே பீரியட்ஸ் வந்த தேதி. அதன் கீழே 12, 13, 14 என்று மூன்று எண்கள், மூன்றையும் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தின் அடியில் அடுத்த பீரியட்ஸ் வந்த தேதி, அதற்குப் பக்கத்தில் அந்தச் சுழற்சி எத்தனை நாள் நீண்டது என்ற கணக்கு. 34. 33. 35. 34. 36. ஒவ்வொரு மாதமும் என் கையால் எழுதிய எண் அது. என்ன தப்பாகப் போகிறது என்று அந்த எண் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நான் அதை வெறும் கணக்காக எழுதிவைத்துவிட்டு, மேலே இருந்த சிவப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பீரியட்ஸ் தொடங்கிய நாளை ஒன்று என்று எண்ணினால் 14ஆம் நாள் கருமுட்டை வெளிவரும் என்று எனக்கு யார் சொன்னார்கள் என்று நினைவில்லை. பள்ளிப் பாடத்தில் படித்திருப்பேன், தோழி சொல்லியிருப்பாள், எங்கோ படமாகப் பார்த்திருப்பேன். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் போல அது மனதில் உட்கார்ந்துவிட்டது. அதனால் 12, 13, 14 ஆகிய மூன்று நாட்களில் எங்கள் முயற்சி எல்லாம் முடிந்துவிடும். 15ஆம் நாளிலிருந்து நான் காத்திருக்கத் தொடங்கிவிடுவேன். 11 மாதங்கள் இப்படியே போயின.

அந்த 14 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரியும். 1920களில் ஜப்பானில் கியுசாக்கு ஓகினோ என்ற மருத்துவரும், ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்னாஸ் என்ற மருத்துவரும் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். கருமுட்டை வெளிவரும் நாள் அதற்கு முந்தைய மாதவிடாயோடு கட்டுண்டது அல்ல, அடுத்து வரப்போகும் மாதவிடாயோடு கட்டுண்டது என்பதுதான் அது. ஓகினோவின் கணக்கில் அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன்னால் முட்டை வெளிவருகிறது. 28 நாள் சுழற்சியில் முன்னாலிருந்து எண்ணினாலும் பின்னாலிருந்து எண்ணினாலும் 14தான் வரும். அந்த ஒரு பொருத்தத்தால் 14 எல்லோருக்கும் பொதுவான எண்ணாகிவிட்டது. என் உடம்பு 34 நாள் சுழற்சிக்காரி. எனக்கு அது 20ஆம் நாள் வாக்கில் வரவேண்டியது.

சுழற்சியில் இரண்டு பாதிகள் உண்டு. பீரியட்ஸ் தொடங்கியதிலிருந்து முட்டை முதிர்ந்து வெளிவரும் வரை முதல் பாதி. வெளிவந்த பின் அடுத்த பீரியட்ஸ் வரை இரண்டாம் பாதி. இரண்டாம் பாதி ஒருத்திக்குப் பெரும்பாலும் அவ்வளவாக மாறுவதில்லை, 12 முதல் 14 நாட்கள் என்று வைத்துக்கொள்ளலாம். கூடுவதும் குறைவதும் அதிகமாக முதல் பாதிதான். நாள் தள்ளிப்போகும்போது நாம் "பீரியட்ஸ் லேட்" என்கிறோம். உண்மையில் அநேகமாக முட்டைதான் தாமதமாக வந்திருக்கும். பீரியட்ஸ் அதன் பின்னாலேயே வரிசையில் நிற்கிறது. இந்த ஒரு விஷயம் எனக்கு விளங்கியதும், முந்தைய 11 மாதங்களும் மனதில் வேறு மாதிரி அடுக்கிக்கொண்டன.

ஆனால் விளங்குவதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது. அதை எழுத வேண்டும் என்பதற்காகவே இந்தப் பதிவைத் தொடங்கினேன்.

பத்தாவது மாதம் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். முட்டை சரியாக வெளிவருகிறதா என்று பார்க்க ஓர் இரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார்கள். புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவு, 21ஆம் நாளில் எடுக்க வேண்டும். எடுத்தோம். அளவு குறைவாக வந்தது. "இந்த மாதம் முட்டை வரவில்லை" என்று சொல்லி, அடுத்த மாதமும் அதே 21ஆம் நாளில் எடுக்கச் சொன்னார்கள். மறுபடியும் குறைவு. உங்கள் சுழற்சி எத்தனை நாள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது என்று எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அந்தத் தாளை மடித்து நோட்டுக்குள் வைத்தேன். என்னுள் முட்டையே உருவாவதில்லை என்று ஏழு வாரங்கள் நம்பினேன். அந்த வாரங்களில் நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

முட்டை வெளிவந்த பிறகு, அது இருந்த பை ஒரு சிறிய சுரப்பி போல மாறிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. அது உச்சத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால்தான் 28 நாள் சுழற்சிக்கு 21ஆம் நாள், அதாவது அடுத்த பீரியட்ஸுக்கு ஏழு நாள் முன்னால். 34 நாள் சுழற்சிக்கு அது 27ஆம் நாள். 21ஆம் நாளில் என் முட்டை வெளிவந்து ஒரு நாள் ஆகியிருக்கலாம், அவ்வளவுதான். அளவு குறைவாக வராமல் எப்படி இருக்கும்? இதைப் படிக்கும் யாருக்காவது 21ஆம் நாள் பரிசோதனை எழுதிக் கொடுத்திருந்தால், உங்கள் சுழற்சியின் நீளத்தை முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இதை எனக்கு விளக்கியது நாங்கள் அடுத்துப் போன மருத்துவர். நோட்டை வாங்கிப் புரட்டினார். அடியில் எழுதியிருந்த 34, 35 எல்லாவற்றையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். பிறகு ஒரு பழைய ஸ்கேன் தாளைத் திருப்பி, ஒரு கோடு போட்டு, கோட்டின் வலது முனையில் 34 என்று எழுதினார். அங்கிருந்து இடது பக்கமாகப் பேனாவைத் தட்டித் தட்டிப் பதினான்கு எண்ணினார். பேனா 20இல் நின்றது. "முட்டை ஏறக்குறைய இங்கே வருது. இதுக்கு முன்னாடி அஞ்சு நாள்," என்று 15 வரை பட்டையாகக் கறுப்படித்தார். "நீங்க எங்கே வட்டம் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். நான் பேனாவை வாங்கி 12, 13, 14 மேல் வட்டம் போட்டேன். என் வட்டம் முடிந்த இடத்தில் அவர் பட்டை தொடங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து வெகுநேரம் பார்த்தார்.

அந்தப் பட்டை ஏன் முட்டைக்கு முன்னால் மட்டும் இருக்கிறது என்பது அடுத்த விஷயம். வெளிவந்த முட்டைக்கு 12 முதல் 24 மணி நேரம்தான் ஆயுள். விந்தணுவுக்கு, கருப்பை வாயில் தகுந்த திரவம் இருந்தால், ஐந்து நாட்கள் வரை உள்ளே உயிரோடு இருக்க முடியும். ஆகவே விந்தணு முன்கூட்டியே போய்க் காத்திருக்க வேண்டும், முட்டை காத்திருக்காது. 1995இல் அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் கருத்தரிக்க முயன்ற 221 பெண்களின் அன்றாடக் குறிப்புகளையும் சிறுநீர் மாதிரிகளையும் வைத்து இதைக் காட்டினார்கள். முட்டை வெளிவந்த நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும், ஆக ஆறு நாட்களில் சேர்ந்திருந்தவர்களுக்கே கரு தங்கியிருந்தது. முட்டை வெளிவந்த மறுநாள் முதல் சேர்ந்ததால் ஒரு கர்ப்பம்கூட அவர்கள் கணக்கில் வரவில்லை. அதே குழு 2000இல் இன்னொன்றும் சொன்னது. பாடத்தில் சொல்லும் 10 முதல் 17 வரையான நாட்களுக்குள் இந்த ஆறு நாட்களும் முழுமையாக அடங்கியது ஏறக்குறைய 30 சதவீதப் பெண்களுக்குத்தான். இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட ஆறுதலை எப்படிச் சொல்வது? என் உடம்பு விதிவிலக்கு என்று நினைத்திருந்தேன். பெரும்பான்மையே என் பக்கத்தில்தான் இருந்தது.

சரி, பின்னாலிருந்து எண்ண வேண்டும் என்றால் அடுத்த பீரியட்ஸ் எப்போது என்று தெரிய வேண்டும். அது வந்த பிறகுதான் தெரியும். மொபைல் செயலிகள் பழைய மாதங்களின் சராசரியை வைத்து ஊகிக்கின்றன. சுழற்சி சீராக இருப்பவர்களுக்கு அது ஓரளவு பொருந்தும். எனக்கு 33க்கும் 36க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்ததால், செயலியை நாள் எண்ணிக்கைக்கு மட்டும் வைத்துக்கொண்டு உடம்பைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

முதலில் கற்றுக்கொண்டதும், இன்று யார் கேட்டாலும் முதலில் சொல்வதும் வெள்ளைப்படுதலைப் பற்றித்தான். அந்தச் சொல்லையே ஒரு நோயின் பெயராகக் கேட்டு வளர்ந்தவள் நான். உள்ளாடையில் ஈரம் தெரிந்தால் ஏதோ கோளாறு என்று கூசிப்போவேன். அது ஒவ்வொரு மாதமும் ஓர் ஒழுங்கில் மாறுகிறது என்று 29 வயது வரை எனக்குத் தெரியாது. பீரியட்ஸ் முடிந்ததும் சில நாட்கள் வறட்சி. பிறகு பசை போல, கொஞ்சம் வெள்ளையாக. அப்புறம் நீர்த்துக்கொண்டே போய், ஒரு நாள் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போலவே தெளிவாக, வழுக்கலாக வரும். இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து மெல்லப் பிரித்தால் அறுந்துபோகாமல் நூல் போல நீளும். முதல் தடவை அதைப் பார்த்தபோது 17ஆம் நாள். குளியலறையில் ஜன்னல் வெளிச்சத்தில் விரல்களைப் பிரித்து, அந்த மெல்லிய இழை மின்னுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் நினைத்திருந்த உடம்பு, எனக்குத் தெரியும்படி வேலை செய்துகொண்டிருந்தது.

விந்தணு உயிரோடு நீந்திப் போக உதவுவது அந்த வழுக்கலான திரவம்தான். 1950கள், 60களில் ஆஸ்திரேலியாவில் ஜான் பில்லிங்ஸ், எவலின் பில்லிங்ஸ் என்ற மருத்துவத் தம்பதி இதை ஒரு முறையாகவே வகுத்தார்கள். செலவில்லை, கருவி வேண்டாம். முட்டை வருவதற்கு முன்பே சொல்லிவிடும் அடையாளம் என்பதால் எல்லாவற்றையும்விட எனக்கு இதன்மேல் நம்பிக்கை அதிகம். அரிப்பு, கெட்ட வாடை, பச்சை அல்லது மஞ்சள் நிறம் இருந்தால் அது வேறு விஷயம், மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: கடையில் விற்கும் பல வழுக்குக் களிம்புகள் விந்தணுவின் ஓட்டத்தைக் குறைக்கும். குழந்தைக்கு முயலும்போது அவற்றைக் கவனித்து வாங்க வேண்டும்.

அடுத்து ஓவுலேஷன் கிட், அதாவது முட்டை வரும் நாளை வீட்டிலேயே பார்க்கும் பரிசோதனைப் பட்டை. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனைத் திடீரென்று கொட்டுகிறது. அந்த ஏற்றம் தொடங்கி ஏறக்குறைய 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். சிறுநீரில் அந்த ஏற்றத்தைப் பிடிப்பதுதான் இந்தப் பட்டை. இதில் நான் செய்த முதல் தப்பு, இதைக் கர்ப்பப் பரிசோதனை போல நினைத்தது. கர்ப்பப் பரிசோதனையில் மங்கலான இரண்டாவது கோடும் கோடுதான். இதில் அப்படி இல்லை, எல்.எச். எப்போதும் கொஞ்சம் உடம்பில் இருப்பதால் மங்கலான கோடு பல நாட்கள் வரும். ஒப்பிடுவதற்காக இருக்கும் கோட்டின் அளவுக்கோ அதைவிட அழுத்தமாகவோ வந்தால்தான் கணக்கு. முதல் மாதம் 16ஆம் நாள் மங்கலான கோட்டைப் பார்த்துவிட்டு, வந்துவிட்டது என்று பட்டை வைப்பதை நிறுத்திவிட்டேன். இரண்டாம் மாதம்தான் நிறுத்தாமல் பார்த்தேன். 16, 17, 18 மங்கல். 19ஆம் நாள் மாலை, கோடு அந்த இன்னொரு கோட்டைவிடக் கருத்துத் தெரிந்தது. நான்கு நாட்களின் பட்டைகளையும் ஒரு வெள்ளைத்தாளில் வரிசையாக ஒட்டிவைத்தேன், நிறம் ஏறுவது படிக்கட்டு போலத் தெரியும்.

எப்போது தொடங்குவது என்றால், எதிர்பார்க்கும் பீரியட்ஸ் தேதிக்கு 17 நாட்கள் முன்னால். சுழற்சி ஆடுபவர்கள் தங்களுடைய குறுகிய சுழற்சியை வைத்துக் கணக்கிடுவது நல்லது. பார்ப்பதற்கு முன் இரண்டு மணி நேரம் நிறையத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் கோடு தெளிவாக இருக்கும். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) உள்ளவர்களுக்கு எல்.எச். எப்போதும் உயர்ந்தே இருக்கலாம் என்பதால் இந்தப் பட்டை ஏமாற்றும். அவர்கள் இதை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். முட்டையை வெளியேற்ற ஊசி போட்டிருந்தாலும் அந்த ஊசி மருந்தே கோட்டைக் கருக்கவைக்கும்.

காலை வெப்பநிலையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும் தெர்மாமீட்டர் வேண்டும். கண் விழித்ததும், எழுந்து உட்காரும் முன்பே, ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். முட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்டிரோனால் உடம்பின் வெப்பம் 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறி, அடுத்த பீரியட்ஸ் வரை அங்கேயே நிற்கும். முந்தைய ஆறு நாட்களைவிட மூன்று நாட்கள் தொடர்ந்து மேலே இருந்தால், முட்டை வந்துவிட்டது என்று பொருள். கவனியுங்கள், வந்துவிட்டது. அந்த மாதத்துக்கு அது பயன்படாது. நான் இதை மூன்று மாதங்கள் எடுத்தேன், 36.3, 36.4 என்று ஓடிக்கொண்டிருந்த எண்கள் 21ஆம் நாளுக்குப் பிறகு 36.7 ஆனதைப் பார்த்தேன். உன்னுள் முட்டை வருகிறது என்று எனக்கு நானே சாட்சி சொன்ன மாதிரி இருந்தது. அந்தப் பரிசோதனைத் தாளை அன்றைக்குத்தான் நோட்டிலிருந்து எடுத்தேன். அதற்காக அதை மதிக்கிறேன். ஆனால் தூக்கம் கெட்ட இரவு, லேசான காய்ச்சல், சீக்கிரம் விழித்த காலை எல்லாம் வரைபடத்தைக் குலைக்கும். ஒவ்வொரு நாளும் கண்ணைத் திறந்ததுமே இந்தக் கவலையோடு தொடங்குவது பலருக்கு நல்லதல்ல. ஒழுங்கு தெரிந்ததும் நிறுத்திவிடலாம்.

ஸ்கேனில் பார்ப்பதும் உண்டு. முட்டைப் பை நாளுக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளர்ந்து, 18 முதல் 24 மில்லிமீட்டர் வரும்போது வெடிக்கும். ஒருமுறை செய்தோம். 18ஆம் நாள் 17 மில்லிமீட்டர் என்று திரையில் கறுப்பு வட்டமாகக் காட்டினார்கள். மூன்று நாள் கழித்துப் போனபோது அது இல்லை, "முட்டை வெடிச்சிருச்சு" என்றார்கள். எல்லோருக்கும் இது தேவையில்லை.

இத்தனையும் கற்றுக்கொண்ட பிறகு வந்த பிரச்சினை வேறு. ஒரு நாள் இரவு பட்டையைக் கொண்டுவந்து கணவரிடம் காட்டி, "இன்னைக்குத்தான்" என்றேன். அவர் களைத்துப்போய் வந்திருந்தார். பட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்குக் கோட்டைக் காட்டாதம்மா. என்கிட்ட வந்து உட்காரு, போதும்," என்றார். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த மூன்று சிவப்பு எண்களை அவரும் 11 மாதங்கள் சுமந்திருக்கிறார். அதன் பிறகு நாளைக் குறிப்பதை விட்டோம். 14ஆம் நாளிலிருந்து 21ஆம் நாள் வரை ஒன்றுவிட்டு ஒரு நாள், அவ்வளவுதான் எங்கள் திட்டம். மருத்துவரும் அதைத்தான் சொன்னார். கணக்கே வேண்டாம் என்பவர்கள் மாதம் முழுக்க இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தாலே எந்த நாளும் தவறிப்போகாது. விந்தணுவைச் சேமித்து வைக்கிறோம் என்று பல நாட்கள் விலகியிருப்பதில் பயனில்லை. சேர்ந்த பிறகு காலைத் தூக்கிவைத்துப் படுக்கவும் வேண்டாம். போக வேண்டியவை சில நிமிடங்களிலேயே போய்விடுகின்றன.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்றும் வருத்தம். 11 மாதங்களும் பரிசோதனை எல்லாம் எனக்குத்தான் நடந்தது. விந்துப் பரிசோதனை எளிது, ஊசிகூடக் கிடையாது. அதை முதலிலேயே செய்திருக்கலாம். குழந்தை தங்காததற்கான காரணத்தில் ஆணுக்கும் பெரிய பங்கு உண்டு என்பது மருத்துவத்தில் எப்போதோ தெரிந்த செய்தி.

நாட்கள் சரியாக அமைந்த பிறகும் உடனே எதுவும் நடக்கவில்லை. முதல் நான்கு சுழற்சிகள் வழக்கம் போலவே பீரியட்ஸில் முடிந்தன. எல்லாம் நன்றாக இருக்கும் இளம் தம்பதிக்கும், மிகச் சரியான நாளிலும், ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றைத் தாண்டுவது அரிது. இது தெரிந்திருந்ததால் அந்த நான்கு மாதங்கள் முந்தைய மாதங்கள் போல என்னை உடைக்கவில்லை. ஐந்தாவது சுழற்சியில் மனம் கேட்காமல் மறுபடி தெர்மாமீட்டரை எடுத்தேன். ஏறிய வெப்பம் 14 நாட்கள் நின்றது, 15, 16. 18ஆம் காலையும் 36.8. அன்றைக்குத்தான் கர்ப்பப் பரிசோதனை செய்தேன்.

35 வயதுக்குக் குறைவாக இருந்தால் ஓராண்டு முயன்ற பிறகும், 35ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சுழற்சி 21 நாளுக்குக் குறைவாகவோ 35 நாளுக்கு மேலோ ஓடினால், அல்லது மாதக்கணக்கில் வராமலே இருந்தால், அவ்வளவு காத்திருக்க வேண்டாம். ஃபோலிக் அமிலம் நாளுக்கு 400 மைக்ரோகிராம், முயற்சியைத் தொடங்கும்போதே.

போன மாதம் என் தங்கை போன் செய்தாள். அவளும் இப்போது முயல்கிறாள். அவளுக்கு 24 நாள் சுழற்சி. பீரியட்ஸ் முடிந்த கையோடு அவளுக்கு நாட்கள் தொடங்கிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தேன். அவளால் அதை நம்ப முடியவில்லை.

"அக்கா, இன்னைக்கு எட்டாவது நாள்தான். ஆனா நீ சொன்ன மாதிரியே நூலா இழுத்துட்டு வருது. பதினாலுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கே?"

"பதினாலை மறந்துடு. மாப்பிள்ளை வீட்ல இருக்காரா?"

"வெளியூர் போயிருக்காரு. நாளைக்குக் காலையில வந்துடுவாரு."

நான் மனதுக்குள் 24இலிருந்து பின்னால் எண்ணினேன்.

"நாளைக்கு ஒன்பது. சரியா இருக்கும்டி," என்றேன்.